கை உள்ளே, மூக்கு வெளியே

கோவிந்தப்பனின் மூக்கு வேலை செய்வதை நிறுத்தி இரண்டு வருஷமாகியிருந்தது. பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. எடுப்பான மூக்கு என்றுகூடச் சொல்லலாம். மார்கழிக் காய்ச்சல் ஒன்று அவரைப் பத்து நாள் படுக்கப் போட்டுவிட்டு, போகும்போது வாசனையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

வேறு யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் பெரிய நஷ்டமில்லை. ஓசூர் சந்தையில் மாட்டுத் தரகராக இருந்திருந்தால் லாபம் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கோவிந்தப்பன் புகையிலைக் கிடங்கில் அம்பார மேஸ்திரி. அவர் பிழைப்பே மூக்கை நம்பித்தான் இருந்தது.

காய்ந்த புகையிலைக்கு வெல்லத் தண்ணீர் தெளித்து, ஆள் உயரத்துக்கு அடுக்கி, சாக்குப் போட்டு மூடிவிடுவார்கள். அதுதான் அம்பாரம். இரண்டு மூன்று நாளில் உள்ளே சூடு கிளம்பும். அப்போது பிரித்து, நடுவில் இருந்ததை வெளியிலும் வெளியில் இருந்ததை நடுவிலுமாக மாற்றி அடுக்க வேண்டும். இப்படி ஐந்தாறு தடவை. முதலில் கார நெடி வரும். பிறகு மாட்டுக்கொட்டகை நெடி. அதற்கப்புறம் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் மணம் வந்து இறங்கும். அன்றைக்கே அம்பாரத்தைக் கலைத்து ஆறவிட வேண்டும். முந்தினால் இலை வாயை எரிக்கும்; பிந்தினால் மக்கின குப்பை. எந்த நாள் என்று சொல்வதற்குத்தான் மேஸ்திரி.

சூட்டைக் கை பார்க்கும். கோவிந்தப்பன் முழங்கை மறைய அம்பாரத்துக்குள் கையை விட்டு, பத்து எண்ணுவதற்குள் பதில் சொல்லிவிடுவார். மணத்தை மட்டும் மூக்குதான் பார்த்தாக வேண்டும்.

மூக்கு போன விஷயத்தை முதலில் கண்டுபிடித்தவள் அவர் மனைவி சரசம்மா. மாட்டுக்கு வேகவைத்த கொள்ளு அடியில் தீய்ந்து வீடெல்லாம் நாறியது. கிணற்றடியிலிருந்து ஓடி வந்தாள். அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மேஸ்திரி நிதானமாக வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"கொள்ளு தீயுதே, தெரியலைங்களா?"

அவர் திரும்பினார். அடுப்பைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எத்தனை நாளா?"

"காய்ச்சல் விட்டதுலேர்ந்து."

"என்கிட்ட சொல்றதுக்கு என்னா?"

"சொன்னா நீ அழுவே."

சரசம்மா அழவில்லை. சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "நாளைக்கு வர்றப்போ அம்பாரத்துலேர்ந்து ஒரு இலை எடுத்துட்டு வாங்க" என்றாள்.

அன்றிலிருந்து ஏற்பாடு நடந்து வந்தது. சாயங்காலம் மேஸ்திரி தலைப்பாகை மடிப்பில் இலை வரும். இரண்டு அம்பாரம் நடந்தால் இரண்டு இலை. இரண்டாவதன் காம்பில் ஒரு முடிச்சு. சரசம்மா அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் கொல்லைக்குப் போய், இலையைக் கசக்கி முகர்ந்து, "இன்னும் பச்சை அடிக்குது" என்றோ "நாளைக்குக் கலைச்சுடுங்க" என்றோ சொல்லுவாள். மறுநாள் காலையில் அதையே மேஸ்திரி கிடங்கில் கம்பீரமாகச் சொல்லுவார்.

இதனால் அவருக்கு ஒரு பெயர்கூட வந்தது. முன்பெல்லாம் கேட்டவுடன் சொல்லிக்கொண்டிருந்தவர், இப்போது "நாளைக்குச் சொல்றேன்" என்றார். "கோவிந்தப்பன் ஒரு ராத்திரி யோசிச்சுத்தான் சொல்லுவான். சொன்னா தப்பாது" என்று கிடங்கு முதலாளி நாராயணப்பன் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தார். அவரை ஊரில் எல்லோரும் சாவுகார் என்றுதான் கூப்பிடுவார்கள்.

சரசம்மா நேரே கிடங்குக்கு வந்து முகர்ந்துவிட்டுப் போயிருக்கலாமே என்றால், முடியாது. அம்பார அறைக்குள் பெண்பிள்ளைகள் கால் வைக்கக்கூடாது. கூந்தல் எண்ணெய், பூ, மஞ்சள் எல்லாவற்றின் வாசனையையும் இலை இழுத்துக்கொள்ளும் என்று சாவுகாரின் அப்பா காலத்தில் போட்ட சட்டம். வாசலில் ஒரு சுண்ணாம்புக் கோடு உண்டு. காம்பு கிள்ளும் பெண்கள் எல்லோரும் கோட்டுக்கு வெளியே தாழ்வாரத்தில்தான். மத்தியானம் களி கொண்டு வரும் சரசம்மாவும் அந்தக் கோட்டோடு நின்றுவிடுவாள்.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. ஐம்பத்தைந்தாம் வருஷம், ஓசூர் மைசூரோடு போகுமா மெட்ராஸோடு நிற்குமா என்று டீக்கடைகளில் கிளாஸ் உடைந்துகொண்டிருந்த சமயத்தில், கிடங்குக்கு வெங்கடசாமி வந்து சேர்ந்தான்.

வெங்கடசாமிக்குச் சொந்த ஊர் சேலம். பெங்களூரில் ரசாயனம் படித்த கெமிஸ்ட். இருபத்தாறு வயது, சோடாப் புட்டிக் கண்ணாடி, எதைக் கண்டாலும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளும் பழக்கம். சாவுகார் ஒரு மூலையறையை ஒழித்துக் கொடுத்தார். அங்கே கண்ணாடிக் குழாய்களும் குடுவைகளும் வரிசையாக ஏறின. குடுவைகளில் கொள்ளு வேகவைத்த தண்ணீர் மாதிரி ஏதோ கலங்கலாக இருந்தது.

"உள்ள என்னா சார் இருக்குது?" என்று கேட்டார் கோவிந்தப்பன்.

"பாக்டீரியா, மேஸ்திரி. கண்ணுக்குத் தெரியாத உசுரு. உங்க அம்பாரத்துல சூடு கிளப்பறதும் இதுதான், மணம் கொண்டுவர்றதும் இதுதான்."

"நான் வெல்லத் தண்ணின்னு நெனைச்சேன்."

"வெல்லம் அதுக்குச் சாப்பாடு. வீட்டுல பாலுக்கு உறை ஊத்தறாங்க இல்லையா? உறை ஊத்தாம விட்டாலும் பால் புளிக்கும். ஆனா ஒரு நாள் நல்லாருக்கும், ஒரு நாள் நாறிப்போவும். நீங்க இத்தனை நாளா உறை ஊத்தாம தயிர் போட்டுக்கிட்டிருந்தீங்க. நான் உறை ஊத்தப் போறேன்."

"உறை எங்க வாங்கினீங்க?"

வெங்கடசாமி சிரித்தான். "உங்ககிட்டதான். மூணு வருஷத்துக்கு முன்னாடி நீங்க போட்ட ஒரு அம்பாரம் ரொம்பப் பிரமாதமாமே. சாவுகாரு அதுல நாலு இலையை டப்பாவுல வெச்சிருந்தாரு. அதைக் கழுவித்தான் இந்த வகையைப் பிரிச்செடுத்தேன்."

கோவிந்தப்பனுக்கு அந்த அம்பாரம் ஞாபகம் இருந்தது. அது அவர் சொந்த மூக்கு இருந்த காலம்.

தளி ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரே விளைச்சலை இரண்டாகப் பிரித்தார் சாவுகார். முதல் அம்பாரம் மேஸ்திரியின் வழக்கப்படி. இரண்டாவதில் வெல்லத் தண்ணீரோடு கெமிஸ்டின் கலங்கல். எது ஜெயிக்கிறதோ இனிமேல் கிடங்கு முழுக்க அந்த முறைதான் என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். "கண்ணுக்குத் தெரியாத பூச்சியே எல்லா வேலையும் பாத்துட்டா, அப்புறம் மேஸ்திரிக்கு என்னாப்பா வேலை?" என்று தொந்தி குலுங்கச் சிரித்தார்.

தாழ்வாரத்தில் எல்லோரும் சிரித்தார்கள். கோவிந்தப்பனும் சிரித்தார். வீட்டுக்கு வந்து சரசம்மாவிடம் சொல்லும்போது மட்டும் சிரிப்பு வரவில்லை.

"இந்த வயசுல வேற என்னா வேலை தெரியும் எனக்கு?" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது" என்றாள் சரசம்மா. ஆனால் அவளுக்கும் பயம் பிடித்துக்கொண்டது.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வெங்கடசாமி பெண் பார்க்கச் சேலம் போயிருந்தான். போகும்போது தன் அம்பாரத்தில் நீளமான தெர்மாமீட்டர் ஒன்றைச் செருகி, 'திங்கள் காலை நான் வந்துதான் பிரிக்க வேண்டும். அதுவரை யாரும் தொடக்கூடாது' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தான்.

ஞாயிறு காலை கோவிந்தப்பன் வழக்கம்போல் ஒரு சுற்று வந்தார். தன் அம்பாரத்தில் கை விட்டார், சரியாக இருந்தது. கெமிஸ்டின் அம்பாரத்தைத் தொடக்கூடாது என்று அட்டை சொன்னது. கைக்கு அந்தச் சட்டம் தெரியவில்லை, அதுவே உள்ளே போய்விட்டது. மூன்று எண்ணுவதற்குள் வெளியே இழுத்துக்கொண்டார். அம்பாரத்தின் நடு வயிறு கொதித்தது. தெர்மாமீட்டர் செருகியிருந்த ஓரம் மட்டும் ஒன்றும் தெரியாததுபோல் இருந்தது.

தொடாமல் விட்டால் மறுநாள் காலைக்குள் அந்த அம்பாரம் கரியாகிவிடும். அதோடு போட்டியும் முடிந்துவிடும். அவர் வேலை அவருக்கு நிலைத்துவிடும். அட்டையிலேயே எழுதியிருக்கிறது, யாரும் ஏன் என்று கேட்கவும் முடியாது.

கோவிந்தப்பன் நாலு ஆளைக் கூப்பிட்டு அம்பாரத்தைப் பிரித்துப் போட்டார்.

"உங்களுக்கு என்னாத்துக்கு வேண்டாத வேலை?" என்று சரசம்மா மத்தியானம் சண்டை பிடித்தாள். "எரிஞ்சா எரியட்டும்னு வரக்கூடாதா?"

"இலை என்னா புள்ள பாவம் பண்ணுச்சு?"

கொப்புளம் கண்டிருந்த அவர் விரல்களில் விளக்கெண்ணெய் தடவிவிட்டாள்.

திங்கட்கிழமை வெங்கடசாமி வந்து பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தான். "அட்டை போட்டிருந்தேனே, மேஸ்திரி! என் கணக்கையெல்லாம் கெடுத்துட்டீங்களே!"

"கொதிச்சுது சார். பிரிச்சுப் போட்டேன்."

"தெர்மாமீட்டர் அப்படிச் சொல்லலையே?"

"அது ஓரத்துல நின்னு பாத்துச்சு. நான் நடுவுல பாத்தேன்."

பையன் நம்பவில்லை. போட்டிக்காரர் வேண்டுமென்றே கலைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டான். அதற்கப்புறம் "மேஸ்திரி" என்று கூப்பிடுவதையும் குறைத்துக்கொண்டான்.

இன்னும் பன்னிரண்டு நாள் போயிற்று. அன்று சாயங்காலம் வழக்கம்போல் இரண்டு இலை வந்தன. சரசம்மா கொல்லைக்குப் போனாள். முடிச்சில்லாத இலையைக் கசக்கினாள். பரவாயில்லை, மணம் கிட்டே வந்துவிட்டது, இன்னும் நாலு நாள் வேண்டும். முடிச்சுப் போட்டதைக் கசக்கினாள்.

அப்படியே நின்றுவிட்டாள். அப்போதுதான் வறுத்த வேர்க்கடலை மாதிரி ஒரு வாசனை. அதன்மேல் தேன் தடவினது மாதிரி இன்னொன்று. கடைசியில் எங்கேயோ தூரத்தில் பலாப்பழம் பிளந்தது மாதிரி. இரண்டு வருஷத்தில் இப்படி ஓர் இலை அவள் கைக்கு வந்ததில்லை.

கெமிஸ்டின் பூச்சி ஜெயித்துவிட்டது.

உள்ளே கோவிந்தப்பன் காத்துக்கொண்டிருந்தார். துண்டை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார். சரசம்மா அவர் விரல்களைப் பார்த்தாள். கொப்புளம் ஆறி, புதுத்தோல் வெளுப்பாகத் தெரிந்தது. இவர் சொன்னால் சாவுகார் நம்புவார், இரண்டு வருஷமாக நம்புகிறார், வேறு யார் முகர்ந்து பார்க்கப் போகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு பருவம் தள்ளிப்போனால் போதும். அதற்குள் பையனே சேலத்தோடு போய்விடலாம்.

"உங்களுதுதான்" என்றாள். "மணம் எறங்கிருச்சு. அந்தப் பையனுது இன்னும் பச்சை அடிக்குது."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

கோவிந்தப்பன் அன்று இரண்டு உருண்டை களி கூடுதலாகச் சாப்பிட்டார். சரசம்மாவுக்குத்தான் இறங்கவில்லை.

மறுநாள் காலையில் கிடங்கு வாசலில் ஒரு கார் நின்றது. பெங்களூர் மண்டிக்காரர் திம்மப்பன் வந்திருந்தார். நாற்பது வருஷமாகப் புகையிலையோடு புழங்குகிறவர். எந்த இலை எந்த ஊர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். சாவுகார் அவரை ரகசியமாக வரவழைத்திருந்தார். மேஸ்திரிக்கே வாசலில் வைத்துத்தான் தெரியும்.

"அவரு பாக்கறதுக்கு முந்தி நீ சொல்லு, கோவிந்தப்பா. நீ சொல்றதையே அவரும் சொல்லுவாரு பாரு" என்றார் சாவுகார், தன் மேஸ்திரியைக் காட்டிக்கொள்ளும் ஆசையில்.

"மொதல் அம்பாரங்க. மணம் நேத்தே எறங்கிருச்சு. சாரோடது இன்னும் பச்சை அடிக்குதுங்க."

வெங்கடசாமியின் முகம் தொங்கிப்போயிற்று. திம்மப்பன் இரண்டு அம்பாரத்திலிருந்தும் ஒவ்வோர் இலை உருவினார். முகர்ந்தார். கிள்ளி வாயில் போட்டு மென்றார். பிறகு கோவிந்தப்பனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனப்பா, தமாஷ் பண்றியா? மொதலாவது சாதாரணம். இன்னும் நாலு நாள் கிடக்கணும். இந்த ரெண்டாவது இருக்கே..." அவர் இன்னொரு துண்டு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். "வயசான காலத்துல இப்படி ஒண்ணைக் குடுத்தீங்களே, சாவுகாரே. இதைப் போய்ப் பச்சைங்கறானே!"

சாவுகாரின் பெருமை வடிந்து கோபம் ஏறியது.

"என்னா கோவிந்தப்பா இது? பொறாமையா?"

கோவிந்தப்பனுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. சரசு பொய் சொல்லியிருக்கிறாள். எதற்காகச் சொன்னாள் என்பதும் விளங்கியது. இப்போது அவர் சொல்லக்கூடியது இரண்டுதான். 'எனக்கு மூக்கு இல்லை, என் பெண்டாட்டி சொன்னதைச் சொன்னேன்' என்றால் அவளை இத்தனை பேர் நடுவில் பொய்க்காரியாக்க வேண்டும்.

"ஆமாங்க" என்றார் தலையைக் குனிந்தபடி. "பொறாமைதாங்க."

"இல்லைங்க சாவுகாரே!"

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். களிச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு சரசம்மா நின்றாள். இரவெல்லாம் மனசு அடித்துக்கொண்டதில் மத்தியானச் சாப்பாட்டை இன்று காலையிலேயே தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"ஏம்மா, ஏம்மா! பூ வெச்சுக்கிட்டு உள்ள வர்றியே!" என்று சாவுகார் பதறினார்.

"இது கனகாம்பரங்க. இதுல என்னா வாசனை இருக்குது? மல்லி வெச்சு ரெண்டு வருசம் ஆச்சு. மல்லி வெச்சா இலை வாசனை பிடிபடாதுங்க, அதான்."

"உனக்கு என்னாத்துக்கு இலை வாசனை?"

சரசம்மா சொன்னாள். காய்ச்சல், தீய்ந்த கொள்ளு, தலைப்பாகை மடிப்பு, முடிச்சு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி, கடைசியில், "நேத்து மட்டுந்தாங்க பொய் சொன்னேன். இவருக்கு வேலை போயிரும்னு பயந்து சொல்லிட்டேன். அந்தத் தம்பியோடது வேர்க்கடலையும் தேனுமா மணக்குதுங்க. எனக்குத் தெரியும்" என்றாள்.

திம்மப்பன் சட்டைப் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்து நீட்டினார். "இது என்னா சொல்லு பாக்கலாம்?"

அவள் முகர்ந்தாள். "இது நம்ம பக்கத்து இலை இல்லைங்க. அவசரமாக் கலைச்சிருக்காங்க. அது தெரியக்கூடாதுன்னு மேல பன்னீர் தெளிச்சிருக்காங்க."

திம்மப்பன் டப்பாவை மூடினார். "என் மச்சான் கிடங்கு சரக்கு" என்றார் சாவுகாரிடம். "பன்னீர்னு எனக்கே மூணு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது."

இதற்குள் வெங்கடசாமி, திம்மப்பனுக்குக் காட்டுவதற்காகத் தன் அம்பாரத்தின் நடுவிலிருந்து ஒரு இலைக்கட்டை உருவியிருந்தான். அதைப் பிடித்தபடியே நின்றான். கட்டின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு இலை கரியாகக் கருத்திருந்தது. தொட்டதும் பொடிந்தது.

"மேஸ்திரி," என்றான். "அந்த ஞாயித்துக்கிழமை நடுவுல எவ்வளவு சூடு இருந்துச்சு?"

"மூணு எண்ண முடியலை சார்."

பையன் சாவுகார் பக்கம் திரும்பினான். "இன்னும் அரை நாள் விட்டிருந்தா முழு அம்பாரமும் இப்படித்தான் ஆயிருக்கும். என் தெர்மாமீட்டருக்குத் தெரியலை. இவரு நான் போட்ட அட்டையையும் மீறிப் பிரிச்சுக் காப்பாத்தினாரு. பொறாமைக்காரர் யாராவது இந்தக் காரியம் பண்ணுவாங்களா? நான்தான் தப்பா நெனைச்சுட்டேன்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சேர்த்துக்கொண்டான். "உறை ஊத்தினா அம்பாரம் சீக்கிரம் சூடேறுது, சாவுகாரே. இனிமே இவரு கை இல்லாம என்னால முடியாது. மணத்தை அளக்க என்கிட்ட கருவியும் கிடையாது. இந்த அம்மா சொன்ன மாதிரி 'வேர்க்கடலை, தேன்'னு என் நோட்டுல எழுதக்கூட எனக்குத் தெரியலை."

"பலாப்பழத்தை விட்டுட்டேன் தம்பி. கடைசியில லேசா பலாப்பழமும் வருது."

வெங்கடசாமி அதையும் எழுதிக்கொண்டான்.

சாவுகார் தாடையைத் தடவினார். இரண்டு வருஷம் தன்னை ஏமாற்றினார்களே என்று ஒரு பக்கம். அந்த இரண்டு வருஷத்தில் ஒரு அம்பாரம்கூடக் கெடவில்லையே என்று ஒரு பக்கம். திம்மப்பன் வேறு, இரண்டாவது அம்பாரம் முழுக்கத் தனக்குத்தான் என்று அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"எங்கப்பா போட்ட கோடு" என்றார் சாவுகார் கடைசியில். "அதை நான் அழிக்க முடியாது. அந்தம்மா கோட்டுக்கு வெளியவே உக்காரட்டும். தினமும் இலை வெளிய வரும். பாத்துச் சொல்லட்டும். கை உள்ள, மூக்கு வெளிய." பிறகு கோவிந்தப்பனைப் பார்த்து விரலை ஆட்டினார். "இனிமே ஒரு ராத்திரி யோசிக்கிற வேலையெல்லாம் வெச்சுக்காத. அப்பப்பவே பதில் வரணும்."

வெங்கடசாமி தன் மூலையறையிலிருந்து முக்காலியை எடுத்து வந்து கோட்டுக்கு ஒட்டினாற்போல் வெளியே போட்டான். காம்பு கிள்ளிக்கொண்டிருந்த முனிலட்சுமி, "பாத்துடி சரசு, முக்காலி ஆபீசரு ஆயிட்டே, எங்களையெல்லாம் மறந்துறாதே" என்றாள். தாழ்வாரமே சிரித்தது.

மத்தியானம் கோவிந்தப்பனும் சரசம்மாவும் கிடங்குக்குப் பின்னால் புங்கமர நிழலில் உட்கார்ந்தார்கள். அவள் களியைப் பிட்டு வைத்துக் கொள்ளுச்சாறு ஊற்றினாள். அவர் சாறு உறிஞ்சிச் சாப்பிட்டார்.

"பொறாமைன்னு எதுக்கு ஒத்துக்கிட்டீங்க?" என்றாள்.

"பின்னே உன்னை மாட்டிவிடச் சொல்றியா?"

"நான் பொய் சொன்னேனே. கோபம் வரலையா?"

"வந்துச்சு. நீ கோட்டைத் தாண்டி வந்தே பாரு, அப்போ போயிருச்சு." அவர் இன்னொரு வாய் சாறு உறிஞ்சினார். "ஆனா இனிமே என்கிட்ட பொய் சொல்லக்கூடாது, ஆமா."

"சரி, சொல்லலை. சாறு எப்பிடி இருக்குது?"

"அதைக் கேக்கணுமா? பூண்டுத் தாளிப்பு கமகமன்னு தூக்குது."

சரசம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"இன்னிக்குக் காலையில இருந்த பதட்டத்துல நான் தாளிக்கவே இல்லைங்க."

கோவிந்தப்பன் கையில் பிடித்த களி வாய்க்குப் போகாமல் நின்றது. சரசம்மா விடவில்லை.

"ரெண்டு வருசமா தினமும் இதேதான் சொல்றீங்க. கமகமன்னு தூக்குதாம்!"

"நீ தாளிச்சிருப்பேன்னு ஒரு நம்பிக்கைதான்" என்றார் மேஸ்திரி. சட்டியை அவள் பக்கம் நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஊத்து."